பச்சை வயரும் பதினெட்டாயிரம் ரூபாயும்

வாசகர் கேள்வி

தக்கலைக்கு அருகே மின்சாதனக் கடையும் அதனுடன் வயரிங், பிளம்பிங் ஒப்பந்த வேலையும் நடத்தி வருகிறேன். என்னிடம் 11 பேர் வேலை செய்கிறார்கள். 9 ஆண்டுகளாக என்னுடன் இருக்கும் வயர்மேன் ஒருவர் கடந்த ஒரு வருடமாக நேரத்துக்கு வருவதில்லை. தாமதமாக வரும் நாட்களில் அரைநாள் கூலியைக் குறைத்தும் பயனில்லை. திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் வருவதே இல்லை. குடிதான் காரணம் என்று பேச்சு. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தனியாக வேலை செய்து காசு வாங்கியிருக்கிறார். போன மாதம் கருங்கல் ஊர்ப் பக்கம் அவர் முடித்த வீட்டில் குளியலறை ஹீட்டரில் ஷாக் அடித்தது. பிளக் பாயிண்டைப் பிரித்துப் பார்த்தால் எர்த் முனையில் நியூட்ரலையே இணைத்திருக்கிறார். அந்த சைட்டை மேற்பார்வை செய்தவர் என் மைத்துனர். வீட்டுக்காரர் எனக்குத் தர வேண்டிய பணத்தில் 18,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் எல்லோர் முன்னிலையிலும் “இனி இந்தப் பக்கம் வரண்டாம்” என்று சொல்லிவிட்டேன். அவருக்குத் தர வேண்டியிருந்த இரண்டு வாரக் கூலி 12,600 ரூபாயை நிறுத்திக்கொண்டு, மீதி 5,400 ரூபாயை அவர் வாங்கியிருந்த அட்வான்ஸோடு சேர்த்து எழுதிவிட்டேன். இப்போது அவர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவதாகச் சொல்லி அனுப்புகிறார். சட்டப்படி அவரை எப்படி நீக்குவது? திரும்ப எடுத்தால் மற்ற பையன்கள் என்னை மதிப்பார்களா? அந்த சைட்டுக்குக் கொடுத்த சாமான்களின் பதிவேட்டு நகலை இணைத்திருக்கிறேன்.

ஆலோசனை

தக்கலை வாசகருக்கு வணக்கம்.

உங்கள் கேள்விக்கு வருமுன் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. கருங்கல் வீட்டில் அந்த ஒரு பிளக் பாயிண்டை மட்டும் சரிசெய்தீர்களா, அல்லது அதே வீட்டின் மற்ற ஹீட்டர்களையும், அதே மாதத்தில் அதே ஆட்கள் முடித்த மற்ற வீடுகளையும் திறந்து பார்த்தீர்களா? நியூட்ரலை எர்த் முனையில் இணைத்த பாயிண்ட் எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை எந்த அறிகுறியும் காட்டாது. நியூட்ரல் எங்காவது அறுந்தாலோ, யாராவது வேலை செய்யும்போது பேஸும் நியூட்ரலும் இடம் மாறினாலோ, ஹீட்டரின் இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறிவிடும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். யாரைத் தண்டிப்பது என்பது அடுத்த வாரம் வரை காத்திருக்கலாம். ஈரத் தரையில் நின்று குழாயைத் திறக்கும் வீட்டுக்காரர்களைக் காத்திருக்கச் செய்ய முடியாது. இன்றே ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வீட்டில் என்ன கண்டீர்கள் என்பதைத் தேதியிட்டு எழுதி, புகைப்படத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகள் பிறகு விசாரணைக்கும் உதவும்.

இனி உங்கள் கேள்வி. நீங்கள் சனிக்கிழமை மாலை செய்த இரண்டு காரியங்களும் சட்டப்படி நிற்கமாட்டா. 9 ஆண்டு வேலை செய்தவரை அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் வாய்மொழியாக நீக்கியது ஒன்று. அவருடைய இரண்டு வாரக் கூலியை முழுவதுமாக நிறுத்திக்கொண்டது மற்றொன்று. இவற்றை முதலில் சரிசெய்யுங்கள். சரிசெய்வதால் அவர்மேல் நடவடிக்கை எடுக்கும் உங்கள் உரிமை சிறிதும் குறையாது. மாறாக, இவற்றை அப்படியே விட்டுவிட்டு எவ்வளவு நியாயமான குற்றச்சாட்டைச் சொன்னாலும், கேட்கும் அதிகாரியின் கண்ணில் முதலில் படுவது அந்தச் சனிக்கிழமை மாலைதான்.

நம் மாவட்டத்தில் சிறு தொழில் நடத்தும் பலரிடம் ஒரு நினைப்பு இருப்பதைக் கண்டிருக்கிறேன். தொழிலாளர் சட்டம் என்பது முந்திரி ஆலைக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் பேருந்து நிறுவனத்துக்கும் உரியது, பத்துப் பேரை வைத்து வேலை பார்க்கும் நமக்கு அது வராது என்பதே அந்த நினைப்பு. அதில் பாதிதான் உண்மை. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்படி, 300 தொழிலாளர்களுக்குக் குறைவான நிறுவனம் நிலையாணைகளை, அதாவது வேலை விதிகளை, சான்று பெற்று வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் கடை வைத்திருக்கிறீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன் 41ஆம் பிரிவு, 6 மாதத்துக்குக் குறையாமல் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்காமலும் நீக்கக் கூடாது என்கிறது. ஒழுங்கீனத்துக்காக நீக்குவதானால் முன்னறிவிப்பு தேவையில்லை. ஆனால் அதற்கென்றே ஒரு விசாரணை நடந்திருக்க வேண்டும், அதில் குற்றத்தை நிலைநாட்டும் சாட்சியம் பதிவாகியிருக்க வேண்டும். நீக்கப்பட்டவருக்கு மேல்முறையீட்டு உரிமையும் உண்டு. இவை தவிர, வேலைநீக்கம் செய்யப்பட்ட தனி ஒருவர் சங்கத்தின் துணையே இல்லாமல் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன் தன் வழக்கை எழுப்பலாம். ஆகவே அவர் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போவேன் என்று சொன்னதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது அவருக்கு இருக்கும் வழி.

உங்கள் கடிதத்தில் நான்கு புகார்கள் ஒரே மூச்சில் வருகின்றன. கோபத்தில் அவை ஒன்றோடொன்று கலந்து, ஒன்றின் கனம் மற்றொன்றின் மேல் ஏறிவிட்டது. ஷாக் அடித்த சம்பவம் நடந்திராவிட்டால் தாமதத்துக்காக மட்டும் அவரை நீக்கியிருப்பீர்களா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால், தாமதத்தை நீக்கத்துக்கான காரணமாக எழுதுவது நேர்மையாகாது.

தாமதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அரைநாள் கூலியைக் குறைத்து வந்திருக்கிறீர்கள். 20 நிமிடம் தாமதமாக வந்தவருக்கு அரைநாள் கூலியை வெட்டுவது நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலான வழக்கம்; அது சட்டத்துக்குப் புறம்பானது. வராத நேரத்துக்கு எவ்வளவு கூலியோ அவ்வளவை மட்டுமே குறைக்கலாம். அவருடைய கூலி நாளொன்றுக்கு 1,050 ரூபாய் என்று உங்கள் கணக்கிலிருந்து தெரிகிறது. 8 மணி நேர வேலை என்று கொண்டால் 20 நிமிடத்துக்கு 44 ரூபாய்க்குச் சற்றுக் கீழே வரும். நீங்கள் பிடித்ததோ 525 ரூபாய். ஒவ்வொரு தாமதத்துக்கும் ஏற்கெனவே பத்து மடங்குக்கு மேல் வாங்கிவிட்டு, அதே தாமதங்களைக் காட்டி வேலையிலிருந்தும் நீக்கினால், ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை என்ற வாதம் அங்கே தானாகவே எழும். தாமதம் தொடர்ந்தால் எழுத்தில் எச்சரிக்கை கொடுங்கள். கூலியை நேரக் கணக்குப்படி மட்டும் குறையுங்கள்.

திங்கட்கிழமைகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் “பேச்சு” என்ற சொல் என்னை நிறுத்தியது. யாருடைய பேச்சு? அவரிடம் நீங்கள் நேரில் கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அவர் குடிப்பவராகவே இருக்கலாம். வீட்டில் யாரையாவது ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு வாராவாரம் அழைத்துப் போகிறவராகவும் இருக்கலாம். களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் கூடுதல் கூலிக்கு ஒருநாள் வேலைக்குப் போகிறவராகவும் இருக்கலாம். மூன்றுக்கும் நீங்கள் எடுக்க வேண்டிய நடவடிக்கை வேறு வேறு. டி.கே. யாதவ் என்ற தொழிலாளியின் வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம், இத்தனை நாள் வராவிட்டால் வேலை தானாகவே போய்விடும் என்று நிறுவனத்தின் நிலையாணையிலேயே எழுதியிருந்தும், அவரை விசாரிக்காமல் நீக்கியது இயற்கை நீதிக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. வராமல் இருந்தது வேண்டுமென்றேதானா என்பதையும் பார்க்க வேண்டும் என்று 2012-இல் மற்றொரு வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. இரண்டுமே பெரிய நிறுவனங்களிலும் அரசுத் துறையிலும் எழுந்த வழக்குகள்; ஆனால் அவற்றின் அடிப்படை உங்கள் கடைக்கும் பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல இல்லை. அவ்வாறு செய்யக் கூடாது என்று நீங்கள் எப்போதாவது எழுதியோ தெளிவாகச் சொல்லியோ இருக்கிறீர்களா? இல்லாத விதியை மீறியதாக ஒருவர்மேல் குற்றம் சாட்ட முடியாது. கடையின் சாமானை எடுத்துப் போனார், அல்லது உங்களுக்கு வந்த வேலையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார் என்பதற்கு ஆதாரம் இருந்தால் அது வேறு விஷயம். அதை மட்டும் எழுதிக் கேளுங்கள். விடுமுறை நாளில் ஒரு வீட்டில் மின்விசிறி மாட்டிக் கொடுத்ததற்காக என்றால், இனிமேலுக்கு ஒரு விதி வகுத்துக்கொண்டு இதை விட்டுவிடுவதே நல்லது.

கருங்கல் வீட்டு எர்த் விஷயம்தான் உண்மையில் கனமானது. அதை நான் இலகுவாக எடுத்துக்கொள்ளவில்லை. 9 ஆண்டு அனுபவம் உள்ள வயர்மேனுக்கு அது தவறு என்று தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. உயிருக்கு ஆபத்தான வேலை அது. ஆனால் நீங்கள் அனுப்பிய சாமான் பதிவேட்டின் நகலை இரண்டு முறை வாசித்தேன். அந்த சைட்டுக்குச் சிவப்பு வயர் 5 காயில் (சுருள்), கறுப்பு வயர் 5 காயில் போயிருக்கின்றன; பச்சை வயர் ஒரே ஒரு காயில், 90 மீட்டர். அதுவும் முதல் நாளே போயிருக்கிறது. ஹீட்டர் லைன் இழுத்ததாக நீங்கள் குறிப்பிடும் வாரத்தில் சிவப்பும் கறுப்பும் மீண்டும் இறங்கியிருக்கின்றன, பச்சை இறங்கவில்லை. மேல்மாடியோடு சேர்த்து மூன்று ஹீட்டரும் இரண்டு ஏசியும் உள்ள வீட்டுக்கு 90 மீட்டர் பச்சை வயர் போதுமா என்பதை நீங்களே சொல்லுங்கள். போதாது என்றால், அந்த வாரத்தில் பச்சை வயர் கேட்டு யாருக்காவது போன் போனதா, போயிருந்தால் மறுமுனையில் என்ன பதில் வந்தது, “இன்றைக்கு இதை முடித்துவிடு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னார்களா என்பதெல்லாம் தெரியாமல் இந்த விஷயத்தில் எந்த முடிவுக்கும் வர முடியாது. அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. உங்கள் கடையின் சொந்தப் பதிவேடே இந்தக் கேள்வியை எழுப்புகிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

இங்கே உங்கள் மைத்துனரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. அந்த சைட்டை மேற்பார்வை செய்தவர் அவர் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவர்மேல் என்ன நடவடிக்கை என்று எழுதவில்லை. பாயிண்டை மூடுவதற்கு முன் பார்க்க வேண்டியவர் அவர். லைன் கொடுக்கும் முன் எர்த் சோதனை நடந்ததா என்று கேட்க வேண்டியவரும் அவரே. வயர்மேனின் வேலை போய், மேற்பார்வையாளரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை என்றால், மற்ற 9 பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். திரும்ப எடுத்தால் மதிப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே தவறுக்கு வீட்டு ஆளுக்கு ஓர் அளவும் வெளி ஆளுக்கு ஓர் அளவும் வைக்கும் இடத்தில் அவர்கள் முதலாளிக்குப் பயப்படுவார்கள். நீங்கள் தேடுகிற மதிப்பு அந்தப் பயத்திலிருந்து வராது.

விசாரணை என்றவுடன் நீதிமன்றம்போல் ஏதோ நடத்த வேண்டும் என்று மலைக்க வேண்டாம். ஒரு மேஜை, நான்கு நாற்காலி, ஒரு கோடு போட்ட நோட்டு போதும். முதலில் அவருக்குத் தமிழில் ஒரு கடிதம் கொடுங்கள். என்ன தேதியில், எந்த வீட்டில், எந்தப் பாயிண்டில், என்ன கண்டீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். பொறுப்பற்றவர், துரோகம் செய்தவர் போன்ற சொற்கள் அதில் வேண்டாம். விளக்கம் எழுத 7 நாள் கொடுங்கள். பதிவேட்டின் நகலையும் புகைப்படங்களையும் அவருக்கும் கொடுங்கள். தன்னிடம் காட்டாத ஆதாரத்துக்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. அவருடைய விளக்கம் உங்களுக்குத் திருப்தியாக இருந்தால் அத்தோடு முடித்துவிடலாம். இல்லையென்றால் விசாரணைக்கு ஒரு நாள் குறியுங்கள்.

யார் விசாரிப்பது என்பதில் கவனம் வேண்டும். 18,000 ரூபாய் இழந்தவர் நீங்கள்; அந்த சைட்டுக்குப் பொறுப்பானவர் உங்கள் மைத்துனர். இருவருமே அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. உங்களோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத வேறு ஒரு மின் ஒப்பந்தக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அல்லது மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் போதும். ஊரில் இரண்டு தரப்பும் மதிக்கும் அப்படி ஒருவர் இல்லாத கிராமம் நம் மாவட்டத்தில் இல்லை. தொழிலாளி தனக்குத் துணையாக உடன் வேலை செய்யும் ஒருவரை அழைத்துவர விரும்பினால் அனுமதியுங்கள். கேள்வியும் பதிலும் அவரவர் சொன்ன சொற்களிலேயே எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அன்று அவரோடு வேலை செய்த ஹெல்பர் பையன் முக்கியமான சாட்சி. அவனிடம் கேட்கும்போது உங்கள் மைத்துனர் அந்த அறையில் இருக்க வேண்டாம். அவன் சொன்னது யாருக்குப் பிடிக்காமல் போனாலும் அதற்காக அவனுடைய வேலை நாட்களைக் குறைக்கமாட்டேன் என்று நீங்கள் அவனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அந்தப் பையனைக் குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு.

விசாரணை முடியும்வரை அவரை வேலையிலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனால் அந்த எண்ணம் வரும். என் கருத்தில் தேவையில்லை. அவரைக் கடையிலோ, வேறொருவர் சரிபார்க்கும் சைட்டிலோ வேலை செய்யச் சொல்லலாம். ஒதுக்கி வைத்தே ஆக வேண்டும் என்றால் அந்தக் காலத்துக்குப் பிழைப்பூதியம் தர வேண்டும். முதல் 90 நாட்களுக்குச் சம்பளத்தில் பாதி. கூலி இல்லாமல் வீட்டில் உட்கார வைத்துவிட்டு விசாரணைக்கு வா என்பது விசாரணைக்கு முன்பே தண்டனை கொடுப்பது.

விசாரணை நடத்தினோம் என்று காகிதத்தில் காட்டுவதற்காக மட்டும் இதைச் செய்தால் பயனில்லை. முடிவை எடுத்துவிட்டு அதன் பிறகு கேட்கும் கேள்விகளுக்கு வரும் பதில் காதில் ஏறாது. இதை என் சொந்தத் தவறிலிருந்து கற்றேன். நான் தொழிலுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில், அலுமினிய ஜன்னல் பட்டறை நடத்திய ஒருவர், நான்கு நாள் சொல்லாமல் வராத ஒரு தொழிலாளியை நீக்கக் கடிதம் எழுதிக் கொண்டுவந்தார். நான் மொழியைத் திருத்தி, சட்டப் பிரிவைச் சேர்த்து, அனுப்பச் சொன்னேன். அந்தத் தொழிலாளியிடம் கேட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. சமரச அலுவலர் முன் உட்கார்ந்திருந்தபோது அந்தத் தொழிலாளி சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். பட்டறையின் பில் புத்தகத்திலிருந்து கிழித்த தாள் அது. அதன் பின்பக்கத்தில், அவர் தங்கையின் திருமணத்துக்காக நான்கு நாள் விடுப்புக் கேட்டிருந்ததும், அதற்குக் கீழே சரி என்று எழுதிப் போட்ட கையெழுத்தும் இருந்தன. கையெழுத்து பட்டறை உரிமையாளரின் தந்தையுடையது. அவர் மகனிடம் சொல்ல மறந்திருந்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தத் தாள் பட்டறையிலேயே வெளிவந்திருக்கும். அன்று முதல், நீக்கக் கடிதத்தோடு என்னிடம் வரும் யாரிடமும், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்காமல் நான் அந்தக் கடிதத்தைத் தொடுவதில்லை. உங்களிடமும் இப்போது அதையே கேட்கிறேன்.

அடுத்தது பணம். ஊதியத் தொகுப்புச் சட்டம், 2019-இன்படி எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஒரு சம்பளக் காலத்தின் கூலியில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் நிறுத்தியது 100 சதவீதம். அபராதம் என்ற வகையில் பார்த்தாலும், அது அந்தச் சம்பளக் காலத்துக் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்பதை அரசின் முன் ஒப்புதலோடு அறிவித்து ஒட்டியிருக்கவும் வேண்டும். அப்படி ஓர் அறிவிப்பு உங்கள் கடையில் இல்லை என்றால் ஒரு ரூபாய்கூட அபராதம் போட முடியாது. நட்டத்துக்காகப் பிடிக்கலாமே என்பீர்கள். தொழிலாளியின் பாதுகாப்பில் ஒப்படைத்த பொருள் சேதமானாலோ தொலைந்தாலோ, அவர் கணக்குக் காட்ட வேண்டிய பணம் குறைந்தாலோ, அதுவும் அவருடைய அலட்சியத்தால் நேரடியாக ஏற்பட்டிருந்தால்தான், அவர் பதிலைக் கேட்ட பிறகு பிடிக்கலாம். வீட்டுக்காரர் உங்கள் பில்லில் நிறுத்திவைத்த தொகை இதில் அடங்காது. அது உங்களுக்கும் அவருக்கும் உள்ள ஒப்பந்த விஷயம். ஆகவே 12,600 ரூபாயை முழுவதுமாகக் கொடுங்கள். அட்வான்ஸ் கணக்கில் ஏற்றிய 5,400 ரூபாயை அடித்து, அடித்ததற்குப் பக்கத்தில் தேதியிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உண்மையான அட்வான்ஸ் பாக்கியை அவரோடு பேசி, தவணையாகக் கூலியில் பிடித்துக்கொள்ள வழி உண்டு.

விசாரணையில் குற்றம் நிரூபணமானால் என்ன தண்டனை என்பதற்கு முன்கூட்டியே பதில் சொல்ல முடியாது. ஆனால் என் மனப்போக்கை மறைக்க வேண்டியதில்லை. பச்சை வயர் கையில் இருந்தும், சோம்பலால் நியூட்ரலை எர்த்தில் இணைத்து, யாரிடமும் சொல்லாமல் மூடிவிட்டுப் போனார் என்று நிரூபணமானால், 9 ஆண்டுச் சேவையைக் கணக்கில் எடுத்த பிறகும் அவரை நீக்குவது மிகையான தண்டனை ஆகாது என்றே நினைக்கிறேன். வயர் கேட்டும் வரவில்லை, மேற்பார்வையாளருக்குத் தெரிந்தே நடந்தது என்று தெரியவந்தால், மறுத்திருக்க வேண்டிய வேலையைச் செய்ததற்காக அவருக்கு எழுத்தில் கடுமையான எச்சரிக்கையும், அடுத்த 6 மாதம் அவர் முடிக்கும் ஒவ்வொரு பாயிண்டையும் வேறொருவர் சோதித்துக் கையெழுத்திடும் ஏற்பாடும் போதும். அப்போது பெரிய பொறுப்பு உங்கள் மைத்துனர்மேல் விழும். சாமான் அனுப்பிய கடையின் மேலும், அதாவது உங்கள் மேலும், ஒரு பங்கு விழும். அதை ஏற்க நீங்கள் தயாராக இருந்தால்தான் இந்த விசாரணையைத் தொடங்க வேண்டும்.

நீக்குவது என்றே முடிவானால், உத்தரவில் காரணத்தை எழுதுங்கள். இரண்டு வேலை நாட்களுக்குள் பாக்கிக் கூலி முழுவதையும் கொடுத்துவிடுங்கள். உங்களிடம் 10 பேருக்கு மேல் வேலை செய்வதால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) உண்டு. ஒவ்வொரு நிறைவான ஆண்டுக்கும் 15 நாள் கூலி என்ற கணக்கில், 1,050 ரூபாய் நாள்கூலிக்கு 9 ஆண்டுகளுக்கு 1,41,750 ரூபாய் வரும். தினக்கூலி ஆளுக்கு இதெல்லாம் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அலட்சியத்தால் உங்கள் சொத்துக்கு நட்டம் ஏற்படுத்தியதற்காக நீக்கப்பட்டவரின் பணிக்கொடையில், அந்த நட்டத்தின் அளவுக்கு மட்டுமே, அவரைக் கேட்ட பிறகு எழுத்துமூலமான உத்தரவால் பிடிக்க முடியும். இன்னொன்று: ஒப்பந்த உரிமத்துக்காக அவருடைய வயர்மேன் சான்றிதழ் உங்கள் அலமாரியில் இருக்கக்கூடும். கணக்குத் தீரும்வரை அதைத் தரமாட்டேன் என்று வைத்துக்கொள்வது, வேறு எங்கும் போய்ப் பிழைக்க விடாமல் செய்வது. அவர் கேட்ட அன்றே கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அவருடைய கருவிப் பெட்டியும் அப்படியே.

இது முடிந்த பிறகு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பக்கத்தில் விதிகளை எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிக் கடையில் ஒட்டுங்கள். வேலை நேரம், விடுப்பு யாரிடம் எப்படிக் கேட்பது, விடுமுறை நாளில் தனி வேலை, சைட்டில் சாமான் போதாவிட்டால் வேலையை நிறுத்தும் உரிமை என்பவை அதில் இருந்தால் போதும். அந்தக் கடைசி விதியைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். எர்த் வயர் இல்லாவிட்டால் பாயிண்டை மூடாதே, போன் செய், வேலை ஒருநாள் தள்ளிப்போனாலும் உன்னை யாரும் திட்டமாட்டார்கள் என்று முதலாளியே எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், அடுத்த ஹெல்பர் பையனுக்கு வாய் திறக்கத் துணிவு வரும்.

இப்போதைக்கு நீங்கள் அனுப்ப வேண்டிய கடிதத்தை நானே எழுதித் தருகிறேன். “சென்ற சனிக்கிழமை உங்களை வேலைக்கு வர வேண்டாம் என்று நான் வாய்மொழியாகச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். நிறுத்திவைத்த உங்கள் கூலி 12,600 ரூபாயை இத்துடன் கொடுத்திருக்கிறேன். இக்கடிதம் கிடைத்த மறுநாள் வேலைக்கு வரவும். இணைப்பில் குறிப்பிட்ட கருங்கல் வீட்டுப் பணி குறித்தும், இணைப்பில் உள்ள தேதிகளில் வேலைக்கு வராதது குறித்தும் உங்கள் விளக்கத்தை 7 நாட்களுக்குள் எழுத்தில் தரவும். விளக்கத்தைப் பார்த்த பிறகே மேற்கொண்டு முடிவு செய்யப்படும்.” இவ்வளவு போதும். கூலியையும் கடிதத்தையும் நேரில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் கடிதத்தை ஒப்புகையுடன் விரைவு அஞ்சலிலும், பணத்தை அவர் வங்கிக் கணக்கிலும் அனுப்புங்கள். அவர் வேலைக்கு வரும் காலையில், நீங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னதை எல்லோர் முன்னிலையிலேயே திரும்பப் பெறுங்கள். ஒரு வாக்கியம் போதும்.

உங்கள் மைத்துனருக்கும் அதே நாளில், அதே 7 நாள் அவகாசத்தோடு, அந்த சைட்டின் மேற்பார்வை குறித்து விளக்கம் கேட்டு ஒரு கடிதம் போக வேண்டும். அதை அவர் கையில் கொடுப்பதற்கு முந்தின இரவே உங்கள் மனைவியிடம் இதைப் பற்றிப் பேசிவிடுங்கள்.